சொல்லிக்கொள்ளாமல்

ரொறன்ரோவில் ஒரு பழைய தொழிற்சாலையைக் கலைக்கூடமாக்கியிருக்கிறார்கள். பீஜித்தீவுக்காரி ஒருத்தியின் கண்காட்சி. தாய் பீஜியின் ஆதிக்குடி, தகப்பன் கரும்புத் தோட்டத்துக்குப் போன இந்தியர் வழி. தன் உடம்பையே பிளாஸ்டரில் திரும்பத் திரும்ப வார்த்து, இராணுவத் தார்ப்பாயின் மேல் வரிசையாகக் கிடத்தியிருக்கிறாள். ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு தோல் நிறம். முகம் மட்டும் ஒன்றே.

நானும் போரைத்தான் வரைகிறேன். போன வருட யாழ்ப்பாண இடப்பெயர்வை வரைந்து, பாரிஸிலிருந்து சுமந்து வந்து, நேற்று இதே நகரில் அஜின்கோர்ட் பக்கம் தமிழர் கூடும் ஒரு மண்டபத்தில் மாட்டினேன். சனம் கட்லட் மேசையடியில் நின்று சத்தமாகக் கதைத்தது. இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

என்னைக் கூட்டிவந்த சரோ அன்ரி எல்லா உடம்புகளையும் பார்த்து முடிக்கிறார். வாசலில் நிற்கும் அந்தப் பீஜிக்காரி சிரித்துக் கைநீட்டுகிறாள். அன்ரி அவளைப் பாராமல், ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே போகிறார். எனக்குள் சின்னதாய் ஒரு சந்தோஷம். பின்னால் ஓடுகிறேன்.

“பிடிக்கேல்லையோ அன்ரி? அவளிட்டை ஒண்டும் சொல்லாமல் வந்திட்டியள்?”

அன்ரி பனிக்குள் நின்று மப்ளரை இறுக்குகிறார்.

“செத்தவீட்டில ஆராவது போயிட்டு வாறன் எண்டு சொல்லுவினமே, தம்பி?”

நேற்று என் ஓவியங்களுக்கு நடுவில் அன்ரி என் கையைப் பிடித்து, “எல்லாம் நல்ல வடிவு. போயிட்டு வாறன் தம்பி” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போனார்.