நான் பைக்கிலிருந்து விழவில்லை

தையல் வழியே சீழ் கசிந்தபோதுதான் என் கால் கெட்டுப்போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் திரி செருகும் வேலை எனக்கு. என் அண்ணன் அங்கேயே போர்மேன். தீபாவளி சீசனில் ஆளில்லாத பக்கத்து அறை வெடித்து, சுவர்க்கல் பறந்து வந்து என் முழங்காலுக்குக் கீழே எலும்பை நொறுக்கியது. விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அண்ணன் டாக்டரிடம் சொன்னான்: "பைக்ல இருந்து விழுந்துட்டா சார்."

வெடித்தது என்றால் கேஸாகும், கம்பெனியைப் பூட்டுவார்கள், லோடு நிற்கும். எங்கள் பக்கத்தில் அடிபட்டவர் வாய் திறப்பதற்குள் இந்தப் பொய் முந்திக்கொண்டுவிடும். நான் மயக்கத்தில் கிடந்தேன். டாக்டர் அதை நம்பிக் கழுவி, எலும்பைப் பொருத்தித் தைத்துவிட்டார். கல்லோடு சேர்ந்து ஆழமாகப் போயிருந்த பட்டாசு மருந்தை யாரும் தேடவில்லை. எலும்பு அழுகியது.

மதுரையில் வேறு டாக்டர் பார்த்தார். "இது பைக்ல விழுந்த புண் மாதிரி இல்லையேம்மா?"

அண்ணன் முந்திக்கொண்டு பேச வந்தான். "நீ வெளிய இருண்ணே" என்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"காலை எடுத்துருவீகளா?"

"பார்ப்போம்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றும் எரிச்சல் வருகிறது.

அழுகிய எலும்பை வெட்டி எடுத்தார்கள். நாலு விரற்கடை அகலத்துக்கு உள்ளே ஒன்றுமில்லை. வெளிச்சட்டம் (தோலுக்கு வெளியே நின்று எலும்பைப் பிடிக்கும் கம்பிகள்) காலைத் தாங்கியது. சீழ் நின்ற பிறகு அந்த இடைவெளியை அடைக்க இடுப்பிலிருந்து எலும்பு சுரண்டி எடுத்தார்கள். அது போதவில்லை. செயற்கை எலும்புத் துகளை (எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் போலவே செய்த வெள்ளைக் குருணை) கலந்து அடைத்தார்கள்.

"இது சாரம் கட்டுற மாதிரிம்மா. உங்க எலும்பு இதைப் பிடிச்சு வளரும். வளர வளர இது கரையும்."

"வளரலன்னா?"

"அப்ப காலை எடுக்கத்தான் வேணும்."

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "எப்பத்தா நடப்ப?" என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தரையும் கடித்துக் குதறலாம் போலிருந்தது. சீசனை வைத்தே வருஷத்தைக் கணக்கிட்டவள் நான். இப்போது ஓர் எக்ஸ்ரேக்கும் அடுத்த எக்ஸ்ரேக்கும் நடுவில் கிடந்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கோபம் வந்தால் வரட்டும், டாக்டரிடம் மட்டும் யாருக்காகவும் எதையும் மறைக்காதீர்கள்.

ஒருநாள் எக்ஸ்ரேயில் குருணைகளின் ஓரம் மங்கி, எலும்பின் இரு முனையும் வெள்ளையாகச் சேர்ந்திருந்தன. இன்னும் சில மாதம் பொறுத்துக் கம்பிகளைக் கழற்றினார்கள். அந்த இடத்து எலும்புக்கு என்னைவிட வயது குறைவு. அதன்மேல் முழுப் பாரத்தை வைக்க இன்றும் பயந்துதான் ஊன்றுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வந்தான். "கால்தான் பிழைச்சிருச்சுல்ல தாயி. சீசன் வருது. உக்காந்து செய்ற வேலையாத் தாரேன்."

"எப்படி அடிபட்டுச்சுன்னு அங்கன கேட்டா?"

"அதான் பைக்குன்னு எல்லாத்துட்டயும் சொல்லியாச்சே. அப்படியே இருக்கட்டும்."

நான் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்றான்.

"வர வேண்டாம்ணே" என்றேன்.