வக்கீல் வீட்டுக் காரும் என் பாவாடை நாடாவும்

புது ரப்பர் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகம் வரும். அதன்மேல் தூவியிருக்கும் வெள்ளைப் பவுடர் விரலில் ஒட்டினால் போச்சு, உள்ளங்கை வேர்க்க ஆரம்பித்துவிடும்...

அறுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். இவர் ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீலுக்கு டிரைவர். வக்கீல் வீட்டுக் கொல்லையில் கார் ஷெட், அதை ஒட்டி ஒரே ஓர் அறை. அதுதான் எங்கள் வீடு. வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அன்று நடுங்கியது உங்களுக்குப் புரியாது.

கார் அப்போதே பழசு. இங்கிலீஷ் கார். முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் நம் ஊர் வெயிலில் காய்ந்து வெடித்துப்போயிருந்தது. மழையில் சமயபுரம் போய் வந்த வக்கீல் வீட்டு அம்மா, பட்டுப்புடவையைப் பிழிந்துகொண்டே இறங்கினார்.

"ஏம்ப்பா ரத்தினம், மழை வெளியில பெய்யறதா, என் மடியில பெய்யறதா?"

வக்கீல் மெட்ராஸிலிருந்து புது ரப்பர் வரவழைத்தார். "ஒர்க்‌ஷாப்ல குடுத்து மாட்டிடு. சனிக்கிழமை சாயங்காலம் ஜங்ஷனுக்குக் கார் வந்துடணும்" என்று சொல்லிவிட்டு, கேஸ் விஷயமாக ரயிலேறிப் போய்விட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் தீபாவளி முடியட்டும் என்றார்கள். பழைய கண்ணாடி, கீறல் விட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்றும் சொன்னார்களாம். அந்த மாடலுக்கு வேறு கண்ணாடி மெட்ராஸிலேயே கிடைக்காது.

இந்த மனுஷன் என்ன செய்தார்? சனிக்கிழமை காலை, தானே கண்ணாடியைக் கழற்றிப் பழைய சாக்குமேல் வைத்துவிட்டார்.

"என்னங்க, உங்களுக்கு மாட்டத் தெரியுமா?"

"ஒரு தரம் பாத்திருக்கேன்."

ஒரு தரம் பார்த்திருக்கிறாராம். நான்கூடத்தான் ஏரோப்ளேனைப் பார்த்திருக்கிறேன்.

மதியம் வக்கீல் வீட்டு அம்மா சாப்பிட்டுப் படுத்தபிறகு ஆரம்பித்தோம். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டியாயிற்று. ரப்பரின் வெளிப்பக்கம் ஒரு பள்ளம் ஓடும். அதில் சுற்றிலும் கயிற்றைப் பதித்து, இரண்டு முனையையும் காருக்குள்ளே தொங்கவிட வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு புரண்டு கார்த் தகரத்தைக் கவ்விக்கொள்ளும். இன்னொருத்தர் வெளியிலிருந்து உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்திக்கொண்டே வரவேண்டும். உள்ளே உட்கார வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான்.

சணல் கயிறு பாதியிலேயே அறுந்தது. திரும்பக் கண்ணாடியை இறக்கி, திரும்ப ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போட்டார். மணி மூன்று.

"கெட்டியா, வழவழன்னு ஏதாவது கயிறு இருக்கா சரோஜா?"

கொடியில் காய்ந்த என் இரண்டு பாவாடையிலிருந்தும் நாடாவை உருவினேன். ஒன்று நீளம் பற்றவில்லை, இரண்டையும் முடிச்சுப் போட்டேன். இவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. வெட்கமா பயமா என்று கேட்க அது நேரமில்லை.

"வளையலக் கழட்டிட்டு உக்காரு."

"மாட்டேன். கண்ணாடி வளையல கழட்டி வெச்சிட்டு வெறுங்கையா இருக்கக் கூடாது."

அதிலே மட்டும் எனக்கு அப்படி ஒரு பிடிவாதம். முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டு இழுக்க ஆரம்பித்தேன்.

அடிப்பக்கம் சுலபமாக வந்தது. வலது ஓரமும் வந்தது. மேல் மூலையில் முடிச்சு சிக்கிக்கொண்டது. இழுத்தால் ரப்பர் கிழியும், விட்டால் மறுபடி முதலிலிருந்து. வெளியே மேகம் கறுத்துவிட்டது. இவர் "மெதுவா, மெதுவா" என்கிறார். எனக்குக் கண் முன்னால் எங்கள் பெட்டி படுக்கையெல்லாம் தெருவில் கிடக்கிற மாதிரியே தெரிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தேன்.

சிக்கியிருந்த முடிச்சு திடீரென்று வெளியே வந்தது. என் கை பின்னால் போய் ஸ்டியரிங்கில் மோதியது. 'டிக்' என்று ஒரு சத்தம்.

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணாடிமேல் விரலை வைத்து ஓரம் ஓரமாகத் தடவினார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், மறுபடி தடவினார். கீறல் எதுவும் இல்லை. அப்புறம்தான் உள்ளே எட்டிப் பார்த்தார். என் மணிக்கட்டிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. உடைந்தது, இழுத்த இழுப்பில் மணிக்கட்டுக்கே இறங்கிவிட்ட என் வளையல்.

"வளையலா..." என்றார். "அப்பாடா."

அப்பாடாவாம். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது. நான்கூட வக்கீல் வீட்டுக் கார் சீட்டில் ரத்தம் படக்கூடாதென்று கையை முந்தானையில்தான் முதலில் சுற்றிக்கொண்டேன். வலி அதற்கப்புறம்தான் தெரிந்தது.

மிச்ச நாடாவை இடது கையால் இழுத்து முடித்தேன். ஜங்ஷனிலிருந்து வரும்போது காவிரிப் பாலத்தில் நல்ல மழையாம், ஒரு சொட்டு உள்ளே வரவில்லையாம். "ஒர்க்‌ஷாப்காரன் நன்னா மாட்டியிருக்கான்" என்றாராம் வக்கீல். இவர் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் அறை எங்களுக்கே இருந்தது.

அந்த 'அப்பாடா'வைச் சொல்லிக்காட்டாத வருஷம் கிடையாது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று இவர் ஆரம்பித்தால் போதும், நான் வளையல் கதையை எடுப்பேன்.

போன மாதம் பேரன் காரில் கல் பட்டு முன்கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. கண்ணாடி மாட்டும் கம்பெனிக்குப் போன் செய்தான். இரண்டு பையன்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். கயிறு இல்லை, சோப்பு இல்லை. பசையைத் தடவி, கைப்பிடி வைத்த ரப்பர் கப்பால் கண்ணாடியைத் தூக்கினார்கள். இவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். வயது எண்பத்தாறு.

அவர்களுக்குக் காபி எடுத்து வந்த என் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவி உடைந்தது.

இவர் எழுந்தார். எழுந்திருக்கவே ஆள் வேண்டிய மனுஷன், தானாக எழுந்தார். காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"கையக் காட்டு."

காட்டினேன். மணிக்கட்டில் அந்தப் பழைய வெள்ளைத் தழும்பு மட்டும்தான். அதைத் தடவிப் பார்த்தார், ஓரம் ஓரமாக.

"அப்பாடா" என்றார்.