கேட்காமல் விட்ட இரண்டாவது பூ

அம்மனை நம்பிக் கும்பிடுகிற உங்களிடம் சொன்னால்தான் என் மனசு ஆறும்.

எங்கள் வீடு நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். கணவர் போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டுகிறவர். பாதி வருஷம் வடக்கேதான் இருப்பார். ராசிபுரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் தற்காலிக வேலை பார்த்தேன். போன வருஷம் சித்திரையில் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது: நெட்வொர்க் சான்றிதழ் வாங்கினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மார்கழியோடு சரி.

சேலத்தில் வகுப்பில் சேர்வதா, வீட்டிலிருந்தே வீடியோ பார்த்துப் படிப்பதா? எங்கள் மாரியம்மனிடம் பூ கேட்கப் போனேன். சிலைமேல் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். கேள்விக்கு ஒன்றாக இரண்டு ரோஜா கொண்டுபோனேன்.

“சேலம் வகுப்புக்குப் போகட்டுமா, தாயே?”

பூ இடப்பக்கம் விழுந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மீதிப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். சாமியே வேண்டாம் என்ற பிறகு என்ன படிப்பு என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டேன்.

மார்கழியில் வேலை போனது. என் இடத்துக்குச் சான்றிதழோடு ஜெயந்தி என்றொருத்தி வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அம்மன்மேலும் கோபம், விளக்குகூட ஏற்றவில்லை.

தைப்பொங்கலுக்குக் கணவர் வந்தார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “ஏம்புள்ள, சேலம் வேண்டாம்னுதான அம்மன் சொல்லுச்சு? படிக்கவே வேண்டாம்னா சொல்லுச்சு?” என்றார்.

இரண்டாவது பூவை நான் கேட்கவே இல்லையே! அன்றைக்கே கோயிலுக்கு ஓடி, வீட்டிலிருந்தே படிக்கட்டுமா என்று கேட்டேன். பூ வலப்பக்கம் விழுந்தது.

படித்தேன். மண்டையில் ஏறியது, கைக்கு வரவில்லை. ரவுட்டரைத் தொடாமல் எப்படிப் பழகுவது? “பாதி வழியில் விட்டுவிடாதே, தாயே” என்று கதறினேன். அந்த வாரமே ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். ஜெயந்தி!

“அக்கா, ஒவ்வொரு கேபிள்லயும் பேரெழுதி ஒட்டி வெச்சுட்டுப் போனீங்களே, அதுலதானுங்க எம்பொழப்பே ஓடுது. நீங்க வீட்டுலயே படிக்கறீங்கன்னு காலேஜ்ல சொன்னாங்க. சாயங்காலம் லேப் சும்மாதான் இருக்குதுங்க. மேல கேட்டுட்டேன். வந்து பழகுங்க.”

யாரை வெறுத்தேனோ அவள் கையாலேயே அம்மன் கொடுத்தாள். ஆடியில் தேறினேன். இப்போது நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் நெட்வொர்க் வேலை. விளக்கும் தவறாமல் எரிகிறது.

ஆனாலும் தினமும் பஸ் அந்தக் கல்லூரியைத் தாண்டும்போது நெஞ்சு கனக்கிறது. அந்த வேலை எனக்கென்றே இருந்தது. நம்பிக் கேளுங்கள், அவள் பதில் சொல்வாள். ஆனால் ஒரு பூவோடு எழுந்து வந்துவிடாதீர்கள். என்னுடைய பதில் அன்று என் தலையிலேயே வாடிப்போனது.