சரசு கேட்ட 'வாண்ட்'

சரசு என் நாத்தனார் மகள். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் கட்டிக்கொடுத்தோம். அவள் கொழுந்தன் பொண்டாட்டி ஆராயி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். ஆராயி வீட்டு ஷீட் போட்ட ரூமுக்கு வருஷா வருஷம் கார்த்திகை தீபம் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள். அதைப் பார்த்துத்தான் சரசுவும் மாடியில் டைல்ஸ் ஒட்டி, ஹீட்டர் வைத்து ரூம் கட்டினாள். அதில் வெங்காயம்தான் காய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டால், இவள் இந்தப் பக்கம் பாத்திரத்தை உருட்டுவாள்.

போன மார்கழியில் ஆராயியின் ஒரே ரூமுக்கு ரெண்டு வெள்ளைக்காரிகள் ஒன்றாக வந்துவிட்டார்கள்.

"அக்கா, இவங்க பேரு எல்சா. உன் மாடில வச்சுக்க. மாசி வரைக்கும் இருப்பாங்க" என்று ஒருத்தியை அவளே கூட்டிவந்து விட்டாள்.

இவள் போட்டு நான் வாங்குவதா என்று சரசுவுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வந்தவளை விடக்கூடாது, ஆராயி வீட்டுப் பக்கமே திரும்பாதபடி கவனிக்கணும் என்று வைராக்கியம்.

காலை டிபனுக்கு தோசை. எல்சா ஒன்று தின்றுவிட்டு, "நோ" என்று தட்டைக் கையால் மூடினாள். நம் பக்கத்தில் முதல் 'போதும்' மரியாதைக்குத்தானே? சரசு அவள் விரலை விலக்கி இன்னொன்று வைத்தாள். "ஈட், ஈட்!" தினமும் இதே கூத்து. ஒருநாள் காலையில் எல்சாவைக் காணோம். வேலியில் எட்டிப் பார்த்தால், ஆராயி வீட்டில் உட்கார்ந்து தின்கிறாள்!

ஆராயி தோசையோடு நின்று, "வாண்ட்?" என்றாள்.

"நோ."

அவ்வளவுதான். தோசை சட்டிக்கே திரும்பிப் போனது.

சரசுவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, வீட்டுக்கு வந்தவளப் போயி வேணுமானு கேக்குற? மாமியா இருந்திருந்தா உன் கைய ஒடச்சிருக்கும்."

"அவங்க ஊர்ல கேட்டுட்டுதான்க்கா வைப்பாங்க. வேணாம்னா நெஜமாவே வேணாம். நீ வச்சுக்கினே இருந்தா பயந்துக்குறாங்க."

"இத எனக்குச் சொன்னியாடி?"

"நீ எங்க என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுன?"

அன்றைக்கு ராத்திரி எல்சா தூங்கத் திரும்பி வந்தாள். மறுநாள் அவள் தட்டுக்கு எதிரில் சரசு தோசையோடு நின்றாள். அந்த வார்த்தையைக் கேட்பதென்றால், வாசலில் வந்து நிற்கும் பிச்சைக்காரியைக் கேட்கிற மாதிரி கூசியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "வாண்ட்?" என்றாள். "நோ, தேங்க்யூ" என்று எல்சா வாய் நிறையச் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் வேறெங்கும் சாப்பிடப் போகவில்லை.

பொங்கலன்றைக்கு எல்சாவோடு ஆராயியும் சரசு வீட்டில் இலைக்கு உட்கார்ந்தாள். எல்சா அவள் காதில் என்னமோ சொல்ல, ரெண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பாயசம் எடுத்துவந்த சரசு அதைப் பார்த்தாள். எல்சாவைக் கேட்டு ஊற்றினாள். அடுத்தது ஆராயி இலை. கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே, "வாண்ட்?" என்றாள்.

ஆராயி முகம் செத்துப்போனது. "வேணாம்க்கா" என்றாள், மரியாதைக்கு.

"சரி" என்று சரசு கரண்டியைக் குண்டானுக்குள் போட்டாள்.