பை கட்டிய பாசி

ராயபுரத்தில் மஜீது சாயபுவின் கல்லச்சுக்கூடத்தில் படம் எழுதுகிறவன் சண்முகவேல். மூக்குப்பொடி மட்டை, ஊதுவத்திக் கட்டு, தீப்பெட்டி, ரங்கூனுக்குக் கப்பலேறும் சுருட்டுப் பெட்டி என்று எதன்மேல் படம் ஒட்டவேண்டுமானாலும், அது முதலில் அவன் கையால் அச்சுக்கல்லில் ஏறியாகவேண்டும்; கல்லிலிருந்துதான் காகிதத்துக்கு. மயிலும் யானையும் பிறையும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காசிமேட்டில் படகுகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்த மீனவர் வீட்டுப் பிள்ளை அவன். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் சாயபு அவனைக் கூட்டிவந்து கல்லுக்கு முன் உட்காரவைத்தார். மனைவி மங்கை திருவொற்றியூர்க்காரி, கூடை சுமந்து மீன் விற்பவள். பிள்ளை இல்லை. ஒருவர்மேல் ஒருவருக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. ஒருவர் வேலையில் மற்றவருக்கு அக்கறையும் இருந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம், மழை ஓய்கிற சமயத்தில், ஐரீன் என்ற பெண் அச்சுக்கூடத்துக்கு வந்தாள். ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுப்பவள். பட்டணத்தைச் சுற்றியுள்ள ஏரி குளங்களில் முளைக்கிற சின்னச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு செடிக் குடும்பத்துக்குப் படம் வேண்டியிருந்தது. கையோடு ஒரு கண்ணாடி ஜாடி கொண்டுவந்திருந்தாள். ஜாடித் தண்ணீரில் பச்சை நூல் கற்றைபோல ஏதோ மிதந்தது. அதிலிருந்து ஒரு காம்பு நிமிர்ந்து தண்ணீருக்கு மேலே வந்து, நுனியில் விரல் நகத்தளவு மஞ்சள் பூக்களைத் தாங்கிக்கொண்டிருந்தது.

பாசிக்கெல்லாமா படம் போடுவார்கள் என்று சாயபு சிரித்தார். ஐரீனும் சிரித்துவிட்டு, பாசி பூக்காது, இது பூக்கிறது, காய்க்கிறது, விதை விடுகிறது, வேர் மட்டும்தான் கிடையாது என்றாள்.

சண்முகவேலைப் பிடித்துக்கொண்டது அந்த வார்த்தைதான். வேரே கிடையாதா என்று கேட்டான். விதையிலிருந்து முளைக்கும்போதுகூடக் கிடையாது என்று சொல்லி, பூதக்கண்ணாடியை அவனிடம் நீட்டினாள்.

அவன் பார்த்தான். பூவுக்கு இரண்டு உதடுகள். மேல் உதடு சின்னது. கீழ் உதடு அகலமாகி, நடுவில் உப்பி, தொண்டையை அடைத்துக்கொண்டு நின்றது. உப்பலின்மேல் செம்மண் நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடின. பூவின் அடியில் வால்போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. தேன் அதற்குள் இருப்பதாக ஐரீன் சொன்னாள். உள்ளே மகரந்தம் தாங்குகிற கேசரங்கள் இரண்டே இரண்டு. இந்தக் குடும்பத்தில் எந்தப் பூவை எடுத்தாலும் இப்படித்தான் இருக்குமாம். இதுபோல மிதக்கிறவை உண்டு. ஏரிக்கரை ஈர மணலில் தீக்குச்சி உயரத்துக்கு நின்று பூக்கிறவையும் உண்டு. இருக்குமிடம் வேறானாலும் அதே இரண்டு உதடு, அதே வால், அதே இரண்டு கேசரம்.

பிறகு இலைகளைக் காட்டினாள். நூல் நூலாகப் பிரிந்த இலைகளில் கடுகளவுப் பைகள் தொங்கின. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பைகள். ஒவ்வொரு பைக்கும் ஒரு வாய், வாய்க்கு ஒரு கதவு, கதவருகே சில மயிர்கள். செடி பைக்குள் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிட்டு, பக்கங்கள் ஒட்டிப்போய்க் காத்திருக்கும். தண்ணீர்ப் பூச்சி ஒன்று வந்து மயிரைத் தொட்டால் போதும். கதவு உட்பக்கம் திறக்கும். பை குபுக்கென்று உப்பும். தண்ணீரோடு பூச்சியும் உள்ளே போய்விடும். கதவு பழையபடி மூடிக்கொள்ளும்.

"கண்ணால பாக்க முடியுமா அம்மா?" என்று கேட்டான்.

"கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது சண்முகவேல். நானும் பார்த்ததில்லை. பூச்சி உள்ளே கிடக்கிறதைத்தான் பார்த்திருக்கிறேன்."

அன்றிலிருந்து அவனுக்கு அதைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் டோல்கேட் வரை நடந்து, அங்கிருந்து மேற்கே திரும்பி, கொடுங்கையூர் ஏரிக்குப் போனான். கரையோரம் தண்ணீரில் கால் நனைய உட்கார்ந்து, ஐரீன் கொடுத்த பூதக்கண்ணாடியை ஜாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு பையைப் பார்த்தபடி இருப்பான். பூச்சி நீந்தி வரும். மயிரண்டை போகும், திரும்பும், மறுபடி வரும். கழுத்து இற்றுப்போய் அவன் ஒரு கணம் அசைவான். திரும்பப் பார்த்தால் பூச்சி பைக்குள் துடித்துக்கொண்டிருக்கும். எத்தனையோ ஞாயிறு இப்படியே போயிற்று. மங்கை ஒருநாள், அந்த ஏரியிலே எவளாவது இருக்கிறாளா என்று கேட்டாள். அவன் ஜாடியைக் காட்டினான். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதற்கா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பூவை எழுதி முடித்தான். இலைகளை முடித்தான். பூ உதிர்ந்ததும் காயின் காம்பு கீழே வளைந்து தண்ணீரைப் பார்க்கும்; அந்த வளைவையும், மூக்கு வைத்த உருண்டைக் காயையும் எழுதினான். பையின் வாய் மட்டும் பாக்கி. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். அது திறக்கிறதைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று ஐரீனிடம் சொன்னான். அவளும் அவசரப்படுத்தவில்லை.

இதற்கிடையில் அவனுக்கு விளக்கைச் சுற்றி வளையம் தெரிய ஆரம்பித்தது. பிறகு பக்கத்தில் வந்து நிற்கிறவர்கள் தெரியாமல் போனார்கள். தெருவில் கைவண்டிக்காரன் கத்தினால்தான் ஒதுங்கினான். நேரே பார்ப்பது நன்றாகத் தெரிந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பொடி மட்டையில் ஓரத்து எழுத்து ஒன்று விட்டுப்போய், அப்படியே அச்சாகியும் விட்டது. சாயபு திட்டவில்லை. மட்டையை அவன் கையில் கொடுத்து, ஏன்டா தம்பி என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு மங்கைதான் கூட்டிப்போனாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்துவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சமும் நிற்கிறது சந்தேகம் என்றார்கள்.

மிச்சமும் நிற்கவில்லை. பார்வை ஒரு குழாய் அளவுக்குச் சுருங்கி, பிறகு ஊசித் துவாரமாகி, அடுத்த மழைக்காலம் வருமுன் அடைந்துபோயிற்று.

சாயபு அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு படம் அச்சாகி முடிந்ததும் கல்லின் மேல் மணலும் தண்ணீரும் போட்டு, இன்னொரு கல்லால் தேய்த்துப் பழைய படத்தை அழிக்கவேண்டும். கல் சமமாகிவிட்டதா என்பதை விரல்தான் சொல்லும். அந்த வேலையில் அவனை வைத்துக்கொண்டார். தான் எழுதிய மயிலையும் யானையையும் தன் கையாலேயே தேய்த்து அழிப்பதில் அவனுக்கு வருத்தமில்லை. ஐரீனின் செடி இருந்த கல்லை மட்டும், அழிக்காமல் வைத்திருக்கிறார்களா என்று கேட்டான். அவள் வந்து, கண் தேறும்வரை காத்திருக்கிறேன் என்று சொன்னபோது, எதுக்கும்மா, வேற ஆளை வெச்சி முடிச்சிருங்க என்றான். வேறொருவர் பையின் வாயை எழுதி முடித்தார். நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அன்று அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். சில மாதத்தில் ஐரீனும் வேலை மாற்றலாகி நாகர்கோவில் பக்கம் போய்விட்டாள்.

மழை விட்டு வெயில் வந்து, ஏரியில் அந்தப் பூ பூக்கிற மாதங்களில் அவனிடம் பேச்சு குறைந்துவிடும். வாசற்படியில் மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இன்னா வேணும் என்று மங்கை கேட்டால் ஒன்றுமில்லை என்பான். ஒருநாள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். தூக்கத்தில் அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்திருப்பது போலச் சேர்ந்திருந்தன. பூதக்கண்ணாடியை அவன் பிடிக்கிற விதம் அது.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கிளம்புய்யா என்றாள். டோல்கேட் தாண்டி மேற்கே திரும்பும்போது அவன் கை அவள் தோளில் இறுகியது.

ஏரி நிறைந்திருந்தது. அவனைக் கரையில் உட்காரவைத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மங்கை தண்ணீரில் இறங்கினாள்.

"இன்னா கீது, சொல்லு மே," என்றான்.

"பச்சையா கீது. மேல மஞ்சப் பூ கீது."

"மஞ்சளுன்னா எந்த மஞ்சளு?"

அவள் யோசித்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "மைனா மூக்கு மஞ்சளு," என்றாள். "ஓரம் பூரா கீது. காத்தடிச்சா எல்லாம் ஒரே பக்கமா சாயுது."

"கீழ் உதட்டுல கோடு கீதா பாரு."

ஒரு பூவைக் கண்ணருகே கொண்டுபோனாள். "கீதுய்யா. வெத்தலை போட்ட பல்லுல கறை இருக்காப்போல கீது."

அவன் தலையாட்டினான். அதைத்தான் அவன் செம்மண் என்று நினைத்து வைத்திருந்தான். இனிமேல் வெற்றிலைக் கறைதான். கையில் கொடு, தொட்டுப் பார்க்கிறேன் என்றான். மங்கை இரண்டு கையும் கொள்ளுமளவு கற்றையைத் தண்ணீரிலிருந்து தூக்கி, சொட்டச் சொட்ட அவன் முகத்தண்டை கொண்டுவந்தாள்.

அவன் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அசையாத."

அவளுக்கு முதலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அதற்கு நடுவே இன்னொன்று. நனைந்த உப்பு தணலில் விழுந்தால் வருவதுபோல, ஆனால் அதைவிட மிகச் சின்னதாக, பட், பட், பட்டென்று. இங்கொன்று, அங்கொன்று, பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல.

"இன்னாய்யா அது?"

"வாய தொறக்குது மே," என்றான். "தண்ணீல இருந்து எடுத்துட்டோம்ல, பை பூரா காத்தைக் குடிக்குது. ஒவ்வொண்ணா தொறந்து குடிக்குது."

மங்கை கற்றையை உற்றுப் பார்த்தாள். பைகளுக்குள் குட்டிக் குட்டியாக வெள்ளிபோல மின்னியது. அதை அவனிடம் சொன்னாள். காற்றுக் குமிழ் என்றான். சத்தம் ஓயும்வரை காதை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தான். கன்னம் வழியாக ஏரித் தண்ணீர் இறங்கி சட்டையை நனைத்தது. ஓய்ந்ததும் இன்னொரு கற்றை கேட்டான். அது ஓய்ந்ததும் இன்னொன்று. பிறகு போதும், பாவம், எல்லாத்தையும் திருப்பித் தண்ணீலயே விட்டுடு என்றான்.

அவன் சந்தோஷப்படுவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சந்தோஷம் இருந்தது. ஆனால் கேட்டபிறகு பார்க்கவேண்டும் என்ற ஆசை ஒன்றுக்குப் பத்தாகிவிட்டது. இத்தனை அருகில் நடக்கிறது, மூக்குக்கு நேரே நடக்கிறது, இந்த இருட்டு மட்டும் ஒரு கணம் விலகக்கூடாதா என்று இருந்தது. முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மங்கை சேலையைப் பிழிந்துகொண்டு பக்கத்தில் நின்றாள்.

திரும்பும் வழியில் அவனாகப் பேசினான்.

"கண்ணு இருந்த நாள்ல உன்னை சரியா பாக்கல மே. இப்ப நெனச்சா பூவோட கோடு ஞாபகம் வருது. உன் மூஞ்சி வர்ல."

"பூவைக் கேட்டாப்போல கேளு," என்றாள். "சொல்றேன்."

அவன் கேட்டான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூக்கிலிருந்து ஆரம்பித்தான். மூக்குத்தி எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்கு நிச்சயமில்லை. அவள் சொன்னாள். புருவத்தில் பிளவு விட்டிருப்பதையும், அது சின்ன வயதில் படகு விளிம்பில் இடித்துக்கொண்டது என்பதையும், காதோரம் நரை ஏறிவிட்டதையும் சொன்னாள். சிரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டபோது, அது எனக்கு எப்படித் தெரியும், நான் கண்ணாடி முன்னால் நின்றா சிரிக்கிறேன் என்றாள். டோல்கேட் சந்தடி வரும்வரை கேள்விகள் முடியவில்லை.

அதன்பின் வருஷம் தவறாமல் போனார்கள். ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி நிறையவில்லை. போகவேண்டாம் என்று மங்கை சொல்லியும் கேட்கவில்லை. தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவன் குந்தி, வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அடியில் கொஞ்சம் ஈரம் இருந்தது. விதைகள் மணலைவிடப் பொடியாக, பல மூலை உள்ளவையாக இருக்கும், அடுத்த மழைவரை சேற்றுக்குள் கிடக்கும் என்று ஐரீன் சொல்லியிருந்தாள். விரலில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துப் பார்த்தான். எது மணல், எது விதை என்று கல்லை அறிந்த அந்த விரலுக்கும் பிடிபடவில்லை.

"இன்னா, கீதா?" என்று மங்கை கேட்டாள்.

"தெர்ல," என்றான். "இருக்கும்."

அவள் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் நேரம் அங்கேயே குந்தியிருந்தான்.