மூன்று பத்து வண்டியின் ஆங்கிலம்

எங்கள் இரண்டு பெட்டி வண்டிக்கு நான் டிரைவர், குவபாரா கார்டு. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சிக்னலை விரலால் சுட்டி, "பச்சை, சரி" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே வண்டி நகர வேண்டும் என்பது எங்கள் ரயில்வே வழக்கம். குவபாரா அந்த வழக்கத்தை வாய்க்குள்ளும் கொண்டுபோனார். ஓய்வறைக் கண்ணாடி முன்னால் நின்று, வெள்ளைக் கையுறை விரலால் தன் நாக்கையே சுட்டுவார்.

"நாக்கு மேல தொடலை, சரி. பல்லுக்கு நடுவுல இருக்கு, சரி."

பிறகுதான் அறிவிப்பில் வரும் ஆங்கிலச் சொல். சொல்லி முடித்ததும் தொண்டையில் விரல் வைத்து, எங்கள் ஊர்ப் பேச்சுப்படி கடைசியில் ஓர் 'உ' ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மறுபடி முதலிலிருந்து.

எங்கள் கிராமத்தில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். பட்டத்தை அப்பா சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். ஆனாலும் குவபாரா பக்கத்தில் இருந்தால் நான் ஆங்கிலத்தில் வாய் திறப்பதில்லை.

இந்த உச்சரிப்பெல்லாம் காலை வண்டியில்தான். பிற்பகல் மூன்று பத்து வண்டியில் மட்டும் அவருடைய ஆங்கிலம் தட்டையாகிவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த 'உ' வாலாக முளைக்கும். காரணம், தினமும் அதில் வரும், தோஃபு கடை நடத்தும் தோஷியே என்ற பெண்மணி. இருவரும் ஒரே வகுப்பு. வானொலிப் பாடம் கேட்டுப் பழகிய உச்சரிப்பில் குவபாரா பள்ளியில் ஆங்கிலப் பாடத்தை வாசித்தபோது, 'ரேடியோ' என்று பெயர் வைத்தவர் தோஷியேதான். ஊரே அப்படிக் கூப்பிட்டது. துரை வேஷம் போடுகிறான் என்ற பேச்சு மறுபடி எழக் கூடாது என்று குவபாரா அன்றிலிருந்து கவனமாக இருந்தார்.

போன அக்டோபரில் வயதான வெளிநாட்டுத் தம்பதி மூன்று பத்தின் பின் பெட்டியில் ஏறினார்கள். பின் பெட்டி மினோதானி ஸ்டேஷனோடு நின்றுவிடும். அங்கே முன் பெட்டிக்கு மாறினால்தான் துறைமுகத்தில் கடைசிப் படகைப் பிடிக்கலாம். குவபாரா தட்டையாக அறிவித்தார். அவர்கள் அசையவில்லை. பக்கத்தில் போய் அதையே சொன்னார். சிரித்துத் தலைகுனிந்தார்கள், அவ்வளவுதான். எதிர் இருக்கையில் தோஷியே. மினோதானிக்கு இரண்டே நிமிடம்.

அப்புறம் நடந்ததை தோஷியேதான் எனக்குச் சொன்னார். குவபாரா விரலைத் தூக்கித் தன் வாயைச் சுட்டினாராம். பிறகு முழுவதையும் சொன்னாராம், வானொலி மாதிரியே. நான் பார்த்தது, நடைமேடையில் அந்த இருவரும் பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு என் பக்கம் ஓடி வந்ததை. பின்னாலேயே இறங்கிய தோஷியே குவபாராவை மறித்தார்.

"ஏன் ரேடியோ, இத்தனை வருஷமா எனக்குப் பயந்தா அணைச்சு வெச்சிருந்தே?"

"உனக்கு யாரு பயந்தா?" என்றார் குவபாரா. முகம் காது வரை சிவந்திருந்தது.

மறுநாள் மூன்று பத்தில் உள்ளூர்க்காரர்கள் மட்டுமே. மினோதானி நெருங்கியபோது ஒலிபெருக்கியில் முதலில் அவர் மூச்சு கேட்டது. பிறகு ஆங்கிலம், ஒரு வால்கூட இல்லாமல். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை, கடைசிச் சொல் வரை போனார்.

நான் சிக்னலைச் சுட்டி, "பச்சை, சரி" என்றேன்.