துவக்குக் குழலில் நேர்த்திக்காசு

மொன்ட்ரியால் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. புஷ்பராணி கீரை ஆயும் குசினி மேசையில் அன்று ஒரு துவக்கு துண்டு துண்டாகக் கிடந்தது. மகன் ரதீசன் அதற்கடியில் பழைய படுக்கை விரிப்பொன்றைப் போட்டு, ஒவ்வொரு துண்டாகத் துடைத்து அடுக்கினான். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர்கள்கூட அவ்வளவு பக்குவம் பார்க்கமாட்டார்கள்.

“பயப்படாமல் வந்து பாருங்கோ அம்மா. தோட்டா ஒண்டும் இல்லை.”

“நான் பாக்காத துவக்கோ?”

சொன்னாளே தவிர, வந்து நின்றாள். அவன் காட்டினான். கட்டையோடு சேர்ந்த உடம்பு. அதன் முன்னால் தோட்டா நிரப்புகிற குழாய். அதற்குள் ஒரு சின்ன மரக்கம்பு. பறவை சுடுகிறவன் மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாதென்பது இங்கத்தைச் சட்டம், அதைத் தடுக்கத்தான் கம்பு. பிறகு நீளக் குழல். அதை யன்னலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தான்.

“ஒவ்வொரு முறையும் இப்பிடி வெளிச்சம் பாக்கவேணும். உள்ளுக்கை ஏதும் அடைச்சிருந்தால் ஆபத்து.”

புஷ்பராணி அப்போது பால் பொங்குகிறதென்று அடுப்புப் பக்கம் ஓடிவிட்டாள். அந்த ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

அவள் திரும்பி வந்தபோது குழலைப் பொருத்தி மூடியை இறுக்கிவிட்டான். முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினான். சரக், சடக். புஷ்பராணி கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வன்னியில் சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் வேண்டும் என்று இயக்கக்காரர் வாசலில் வந்து நின்றபோது, பதினேழு வயது ரதீசனை அவள் நெல்லு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். மூத்தவன் உதயன்தான் எழுந்து, “நான் வாறன், தம்பியை விடுங்கோ” என்று போனான். போகும்போது அவன் தோளில் மாட்டிவிட்ட துவக்கு அவன் முழங்கால்வரை தொங்கியது. அன்றே பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். இருபத்தைந்து சதக் காசொன்றை, செம்பு நிறத்தில் நகத்தளவு இருக்கும், மஞ்சள் துணியில் முடிந்தாள். உதயன் வந்ததும் அவிழ்த்து உண்டியலில் போடுவதாகச் சொன்னாள். உதயன் வரவில்லை. செத்தான் என்று ஒருவரும் சொல்லவுமில்லை. முடிச்சு அவிழாமலே அகதி முகாமுக்கு வந்தது, முதலில் கனடா போன ரதீசன் அவளைக் கூப்பிட்டபோது மொன்ட்ரியாலுக்கும் வந்தது, சுவாமித்தட்டில் ஏறியது, முடிந்து பதினைந்து வருடமாகியும் அவிழவில்லை.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. ரதீசன் எலெக்ட்ரீசியன். அவனோடு வேலை செய்கிற இரவிச்சந்திரன்தான் அவனை வேட்டைக்குப் பழக்கியவன். படிப்புப் படித்து, சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, மண்தட்டு எறிந்து சுடுகிற இடத்தில் ஒரு கோடை முழுக்கப் பழகினான். ஒன்றுக்கும் குறை சொல்ல முடியாது. அவள் சொன்னது வேறு.

“இந்த வீட்டுக்கை அது வேண்டாம், தம்பி.”

“அது ஆக்களைச் சுடுறதுக்கில்லை அம்மா. வாத்துக்கு.”

“துவக்குக்கு ஆரெண்டு தெரியுமோ?”

அவன் சிரித்தான். ஆறுதரம் சொன்னாள், ஆறுதரமும் சிரித்தான். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? ஏழாம் தரம் அவள் சொல்லவில்லை.

நவராத்திரி வந்தது. ஆயுத பூசைக்கு அவனுடைய குறடு, டெஸ்டர், வேலைக்கு ஓட்டுகிற வானின் திறப்பு எல்லாவற்றையும் கழுவித் தட்டில் அடுக்கினாள்.

“உன்ர துவக்கையும் வை,” என்றாள். “நீ பாவிக்கிறதுதானே.”

ரதீசனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அம்மா ஒருவழியாக ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தான், பாவி. “குழலை மட்டும் வைக்கிறன். மற்றது பூட்டுக்கை இருக்கட்டும்,” என்று குழலைக் கழற்றித் துடைத்துத் தட்டில் வைத்தான். சந்தனம் வைத்தாள். பூ வைத்தாள். கற்பூரம் காட்டினாள். நாளைக்குத் தெருத் துப்பரவு, வானை மற்றப் பக்கம் விடவேணும் என்று அவன் கீழே இறங்கினான்.

மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்த கை அவளுடையது. துவாரத்தில் தூசு அடைத்தால் அடுப்பு எரியாது, ஊசியால் குத்தினால்தான் எரியும். துவக்கும் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள். அடைத்துவிட்டால் வெடிக்காது, வெடிக்காத துவக்கை அவன் இரண்டு நாள் பார்த்துவிட்டு விற்றுப்போடுவான். எதால் அடைப்பது என்று யோசிக்கவே இல்லை. கை தானாக அந்த மஞ்சள் முடிச்சுக்குப் போனது.

“ஒருத்தனைக் கேட்டன், நீ தரேல்லை,” என்று பிள்ளையாரிடம் சொன்னாள். “இவனை என்னட்டை விடு.”

முடிச்சைத் தோட்டா போகிற பக்கத்தால் நுழைத்து, அகப்பைக் காம்பால் ஒரு சாண் தூரம் தள்ளினாள். இறுக்கமாகத்தான் போனது. குழலைப் பழையபடி வைத்து, அதன்மேல் பட்டுத்துணியைப் போர்த்தாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவளுக்கு மனம் லேசாக இருந்தது.

அடுத்த நாள் விஜயதசமி, சனிக்கிழமை. விடியப் போகிற நேரம் இரவிச்சந்திரன் கீழே ஹோர்ன் அடித்தான். பூசையில் வைத்ததை எடுத்து முதல்வேலை தொடங்க நல்ல நாள். ரதீசன் முழுகி, திருநீறு பூசி, குழலை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றினான். யன்னலில் இன்னும் வெளிச்சம் வரவில்லை. முதல்நாள் தானே துடைத்த குழல். அதுவும் அம்மாவின் சுவாமித்தட்டிலிருந்து எடுத்தது. சுவாமித்தட்டிலிருந்து எடுத்ததை எவன் சோதித்துப் பார்ப்பான்? பொருத்தினான், மூடியை இறுக்கினான், பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

“வாறன் அம்மா.”

“கவனம், ராசா,” என்றாள். உண்மையாகவே சந்தோசமாகச் சொன்னாள்.

பத்து மணிக்கு ஃபோன் வந்தது.

ஆஸ்பத்திரி நடையில் இரவிச்சந்திரனின் மேற்சட்டையெல்லாம் ரத்தம். அவன்தான் சொன்னான். மொன்ட்ரியால் தீவுக்கு மேற்கே, அறுத்த சோள வயலில் படுத்திருந்தார்களாம். வெள்ளை வாத்துகள் கூட்டமாக இறங்கின. ரதீசன் எழுந்து, கட்டையைத் தோளில் அணைத்து, பூட்டை விட்டு, விசையை இழுத்தான். முதல் வெடியே அதுதான்.

“சத்தம் வேறமாதிரி வந்தது, அக்கா. துவக்கு நடுவாலை விரிஞ்சு போச்சு. அவன்ர இடக்கை அதிலைதான் பிடிச்சிருந்தது.”

“வெடிச்சதோ?” என்றாள் புஷ்பராணி.

“ஓம்.”

“அது வெடியாதெல்லோ.”

இரவிச்சந்திரன், பாவம், அதிர்ச்சியில் புலம்புகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நாங்கள் எதற்கெல்லாமோ சொல்கிறோம். அவளுக்கு அது எழுத்துக்கு எழுத்து நடந்தது.

இடக்கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் மூன்றும் இல்லை. மறுநாள் டாக்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் போத்தலைக் கொண்டுவந்து கட்டிலின் ஓரத்தில் வைத்தார். உள்ளங்கைக்குள் இருந்து எடுத்ததாம். வளைந்து கறுத்த நகத்தளவு காசு. என்ன இது என்று பிரெஞ்சில் கேட்டார். ரதீசன் காசைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான். அம்மா மணிக்கட்டில் கட்டிவிட்ட காப்புக்காசு என்று பதில் சொன்னான். பின்னேரம் பொலிஸ்காரி வந்து கேட்டபோது, வயலில் தவழ்ந்த நேரம் குழலுக்குள் சேறு போயிருக்கும், தான் பார்க்கத் தவறிவிட்டேன் என்றான். அவள் எழுதிக்கொண்டு போனாள். துவக்கின் மிச்சத்தை அவர்கள் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள்.

கதவு சாத்தியதும் ரதீசன் கேட்டான்.

“அண்ணையின்ர காசெல்லோ இது?”

“ஓம்.”

“குழலுக்கை வச்சனீங்களோ?”

“ஓம், ராசா. அடைச்சால் வெடியாது எண்டு நினைச்சன்.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். நாலு நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் கொண்டுபோன சோற்றைத் தின்றான், முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அழவில்லை. அழ எனக்கு என்ன உரிமை என்று இருந்தாள்.

இப்போது மார்கழி. கேட்ட வரத்தைக் கூட்டிக் குறைக்காமல் பிள்ளையார் கொடுத்திருந்தார். மகன் உயிரோடு இருக்கிறான், வீட்டில் துவக்கு இல்லை. எலெக்ட்ரீசியன் வேலையும் இல்லை. தினமும் காலையில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்குப் போகவேண்டும். சேர்ட் பொத்தானை அவள்தான் பூட்டிவிடுவாள், மூன்று வயதில் பூட்டிவிட்ட மாதிரி.

ஒருநாள் இரண்டாவது பொத்தானில் அவன் கேட்டான்.

“அண்ணையின்ர காசை என்ன செய்தனீங்கள்?”

“மேசை லாச்சிக்கை கிடக்கு.”

“புதுத்துணியிலை முடிஞ்சு வைக்கேல்லையோ?”

“இல்லை.”

“ஏன்?”

அவள் மூன்றாவது பொத்தானைப் பூட்டினாள். நாலாவதையும் பூட்டினாள்.

“அவன் இனி வரான், தம்பி,” என்றாள்.

பதினைந்து வருடத்தில் அந்த வார்த்தையை அவர்கள் இருவரும் சொன்னதில்லை. ரதீசன் கைமடிப்புப் பொத்தானையும் பூட்டச் சொல்லி இடக்கையை நீட்டினான்.